அப்பா கேட்ட டிராகன்

சிங்கப்பூருக்கு அக்கரையில், ஸ்கூடாயில் இருக்கும் எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் என் மகனும் நண்பர்களும் பகடை உருட்டி, ஆளுக்கொரு பாத்திரமாகக் கதை விளையாட்டு ஆடிக்கொண்டிருந்தார்கள். டிராகன் ஓட்டுபவன் என்று தனிப் பாத்திரம் வேண்டுமா என்பதில் சண்டை. பகடைச் சத்தத்தோடு எனக்கு அப்பாவின் ஈர மழைக்கோட்டு வாசனை வந்தது.

எனக்குப் பதினொரு வயதில் இந்த விளையாட்டின் பழைய விதிப்புத்தகத்தை வாங்கித் தந்தவர் அப்பாதான். விடியுமுன் மோட்டார் சைக்கிளில் பாலம் தாண்டிச் சிங்கப்பூருக்கு வேலைக்குப் போவார். மாலையில் பெட்ரோல் நாறும் மழைக்கோட்டைக் கதவில் மாட்டிவிட்டு, தலையைத் துவட்டிக்கொண்டே பகடையை எடுப்பார்.

"நான் டிராகன் ஓட்டுறவன்மா."

"அப்படி ஒரு ஆளே கிடையாதுப்பா. நீங்க போர்வீரன். டிராகன் கெடச்சா ஏறிக்கலாம். ஏறி உக்கார்றதெல்லாம் ஒரு வேலையா?"

அப்பா சிரித்தார். "என் பாத்திரத்த தாள்ல பென்சில்லதானே எழுதியிருக்க, அழிச்சு மாத்திடு லா."

நான் மாற்றவில்லை. விதி விதிதான் என்று பிடிவாதம். அந்த மழைக்காலத்தில் ஒரு விடியற்காலை, பாலத்துக்குப் போகும் சாலையில் லாரி மோதி அப்பா இறந்துபோனார். கோட்டு மட்டும் ஒரு பிளாஸ்டிக் பையில் வீட்டுக்கு வந்தது.

"அம்மா, நீங்களே சொல்லுங்க, தேவையா இல்லையா?" என்றான் மகன்.

"தேவைதான்."

"என்ன ஆண்ட்டி," என்று அவன் நண்பன் சிரித்தான். "ஏறி உக்கார்றதெல்லாம் ஒரு வேலையா?"

"வேலைதான்யா," என்றேன். அதற்குமேல் அங்கே நிற்க முடியாமல் அடுப்படிக்குப் போய்விட்டேன்.