சேலை சட்டையான பாட்டு

என் மனைவியின் அம்மா ஏலக்காட்டு வேலைக்குப் போனவர். கம்பத்தில் விடியும் முன்பே ஜீப்புகள் வந்து நிற்கும். பெண்கள் தூக்குவாளியோடு நெருக்கியடித்து ஏறி, மெட்டு வழியாகக் கேரளாவுக்குள் போய், காய் எடுத்துவிட்டுப் பொழுது சாயும்போது திரும்புவார்கள். மலையைத் தாண்டிப் போகிற பாதையைத்தான் எங்கள் பக்கம் மெட்டு என்போம். அத்தை வீட்டுக்குள் நுழைந்ததும் மகள் ஓடிப்போய் அவர் முந்தானையில் முகத்தைப் புதைத்துக்கொள்வாளாம். ஏலக்காய் வாசனைக்காக.

அத்தைக்கு வயதான காலத்தில் நுரையீரல் கெட்டது. கடைசி நாட்களில் உட்கார்ந்தபடியேதான் தூங்கினார். அவரை அடக்கம் செய்துவிட்டு வந்த பிறகு என் மனைவி பல வாரங்கள் சரியாகப் பேசவில்லை. ஒருநாள் பாத்திரம் துலக்கிக்கொண்டே எதையோ முனகினாள். நான் கதவருகே நின்று கேட்டேன்.

"ஏலக்கா மணக்குது எங்காத்தா சேலையில, மெட்டு எறங்கி வந்துருவா பொழுதடையும் வேளையில."

"இது எந்தப் பாட்டு?" என்றேன்.

"பாட்டெல்லாம் இல்ல. சும்மா வருது" என்றாள்.

எனக்கு உத்தமபாளையத்தில் பழுதான மோட்டாருக்குக் காயில் கட்டுகிற கடை. ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் ஊர் மாதா கோயில் பாடகர் குழுவுக்குக் கீபோர்டு வாசிப்பேன். அந்தக் குழுவில் பாட வந்தவளைத்தான் கட்டிக்கொண்டேன். ஆகவே அவள் முனகியதற்கு நான் சுரம் பிடித்தது பெரிய விஷயமில்லை. கடைக்கு எதிரே துணிக்கடை வைத்திருக்கும் நண்பன், பள்ளிக்கூடத்திலிருந்தே என்னோடு இருப்பவன், கேட்டுவிட்டுத் துள்ளினான். இரண்டாவது சரணத்தை அவன்தான் எழுதினான். தேனியில் ஒரு சின்ன ஸ்டுடியோவில் பதிவு செய்தோம். சுவரெல்லாம் முட்டை அட்டை ஒட்டிய அறை. மின்விசிறியை நிறுத்திவிட்டதால் வேர்வை வழிய வழியப் பாடினாள். கடைசி வரியில் குரல் லேசாக உடைந்தது. மறுபடி எடுக்கலாம் என்றார் பதிவு செய்தவர். அவள் வேண்டாம் என்றுவிட்டாள்.

நண்பன் தன் செல்போனில் ஜீப்புகளையும் மலையையும் எடுத்து, பாட்டோடு சேர்த்து யூடியூபில் போட்டான். சொந்தக்காரர்கள் பார்த்தார்கள். ஏலக்காட்டுக்குப் போகிற பெண்கள் பார்த்தார்கள். சுருளிப்பட்டியிலிருந்து ஒரு அம்மா விசாரித்துக்கொண்டு வந்து, வாசலிலேயே நின்று என் மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். "எங்க ஆத்தாளும் இப்படித்தேன் வந்தாக" என்றார். அதோடு எங்களுக்குப் போதும் என்றிருந்தது. மெய்யாகவே போதும் என்றுதான் இருந்தது.

பிறகு நண்பன் ஒரு மதியம் செல்போனைத் தூக்கிக்கொண்டு கடைக்கு ஓடி வந்தான். கேரளப் பக்கத்துப் பையனும் பெண்ணும், ஒரு ஏரிக்கரையில் உட்கார்ந்து கிட்டாரோடு எங்கள் பாட்டைப் பாடியிருந்தார்கள். வேகத்தைப் பாதியாகக் குறைத்திருந்தார்கள். அந்தப் பெண்ணுக்கு நல்ல குரல், மறுக்க முடியாது. ஆனால் முதல் வரியிலேயே ஆத்தாளைக் காணோம்.

"ஏலக்கா மணக்குது எம்மாமன் சட்டையில" என்று பாடினாள்.

கீழே 'பாரம்பரிய நாட்டுப்புறப் பாடல்' என்று போட்டிருந்தது. எங்கள் பாட்டைப் பார்த்தவர்களை ஒரு பேருந்தில் ஏற்றிவிடலாம். அதைப் பார்த்தவர்களுக்குக் கணக்கே இல்லை.

சாயங்காலம் வீட்டில் மூன்று பேரும் உட்கார்ந்து கேட்டோம். நண்பன் கொதித்தான். "விடக்கூடாது மாப்ள. பாட்டு யாருதுன்னு கேக்கணும்ல?"

அவள் இன்னொரு முறை போடச் சொன்னாள். முழுதாகக் கேட்டுவிட்டு, "நாட்டுப்புறப் பாட்டுன்னா யாருமே எழுதலைன்னு அர்த்தமாண்ணே?" என்று கேட்டாள்.

அதன் கீழே நாங்கள் எழுதினோம், இது எங்கள் பாட்டு என்று. சிரிக்கிற பொம்மைகளைப் போட்டார்கள். ஒருவர், 'என் கொள்ளுத்தாத்தா காலத்திலிருந்தே இந்தப் பாட்டு எங்கள் ஊரில் உண்டு' என்று எழுதியிருந்தார். அவர் பொய் சொன்னார் என்றுகூடச் சொல்ல மாட்டேன். நிஜமாகவே அப்படி நம்பியிருப்பார்.

அதற்குப் பிறகு பாட்டு எங்கள் கையில் இல்லை. சென்னையில் யாரோ அதற்கு அடி வைத்துக் குத்துப்பாட்டாக்கினார்கள். கல்யாண மண்டபங்களில் மாப்பிள்ளையும் பெண்ணும் அதற்கு ஆடியபடி மேடையேறினார்கள். தேவாரம் போகிற தனியார் பஸ்ஸில் அது ஓட, பின் சீட்டுப் பையன்கள் விசிலடித்தார்கள். நாங்கள் இருவரும் அந்த பஸ்ஸில்தான் இருந்தோம். அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். தேர்தல் வந்தபோது மாமன் சட்டையும் போய் ஒரு சின்னம் வந்தது. பிரச்சார ஆட்டோ எங்கள் தெருவில் நின்று நாள் முழுக்க அதையே பாடியது.

எங்கள் மாதா கோயில் பாடகர் குழுவும் விடவில்லை. திருவிழாவுக்கு அந்த மெட்டில் 'தூபம் மணக்குது தாயுந்தன் ஆலயத்தில்' என்று ஒரு பாட்டுக் கட்டினார்கள். எழுதியவர் எங்கள் ஆள்தான், இது யார் பாட்டு என்று தெரிந்தவர்தான். "நம்ம பாட்டுத்தானம்மா, மாதாவுக்குத்தானே" என்றார். அவளும் பாடினாள். எல்லோருக்கும் முன்னால் அவள் பாடியது அதுவே கடைசி.

கழுத்தில் ஒரு கட்டி இருந்தது. தைராய்டு என்றார்கள். ஊசி போட்டுச் சோதித்துப் பார்த்துவிட்டு, விட்டு வைக்க முடியாது என்றார்கள். மதுரையில் அறுவை சிகிச்சை. டாக்டர் நல்ல மனிதர், முன்னாலேயே சொன்னார்: "குரலுக்குப் போற நரம்பு ரொம்பப் பக்கத்துல இருக்கு. சிலருக்குக் குரல் மாறலாம்."

அவள் என்னைப் பார்த்தாள். நான் கையெழுத்துப் போட்டேன். உயிர் வேண்டாமா?

உயிர் இருந்தது. குரல் வரவில்லை. வாயைத் திறந்தால் காற்றும், காற்றுக்குள் கொஞ்சம் கரகரப்பும். சில மாதத்தில் திரும்பலாம் என்றார்கள், பயிற்சி கொடுத்தார்கள். பக்கத்தில் உட்கார்ந்தால் கேட்கிற அளவுக்கு வந்தது. அதற்கு மேல் வரவில்லை. அவள் அங்கன்வாடியில் வேலை பார்க்கிறாள். பிள்ளைகளைக் கைதட்டித்தான் கூப்பிட வேண்டியிருக்கிறது.

அந்தச் சமயத்தில்தான் டிவி போட்டியில் ஒரு சின்னப் பெண் அந்தப் பாட்டைப் பாடினாள். நடுவர் ஒருவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, நூறு வருஷத்துப் பழைய பாட்டு என்றார். நான் ரிமோட்டைத் தேடினேன். "இருக்கட்டும்" என்று சைகை காட்டினாள்.

எங்கள் நண்பன் மட்டும் விடாமல் எல்லோருக்கும் எழுதிக்கொண்டிருந்தான். கடைசியில் தேனியில் ஒரு கல்லூரி ஆண்டு விழாவுக்கு அழைப்பு வந்தது. பாட்டை முதலில் பாடியவருக்குப் பொன்னாடை போர்த்துகிறார்களாம். அவளால் பாட முடியாது, வந்து நிற்பாள் என்று நண்பன் தெளிவாகச் சொல்லியிருந்தான். அவள் முதலில் மறுத்தாள். பிறகு, "எங்கம்மாவுக்காக வாரேன்" என்றாள். அத்தையின் சேலை ஒன்றைக் கட்டிக்கொண்டாள்.

பொன்னாடை போர்த்தினார்கள். மண்டபமே கைதட்டியது. அதோடு இறங்கியிருக்கலாம். தொகுத்து வழங்கிய மாணவிக்கு யாரும் எதுவும் சொல்லியிருக்கவில்லை. உற்சாகமாக மைக்கை நீட்டி, "எங்களுக்காக ரெண்டே வரி, மேடம்!" என்றாள். நான் கீழே முதல் வரிசையில் இருந்தேன். எழுந்து நின்று கையை ஆட்டினேன். யாரும் பார்க்கவில்லை.

அவள் மைக்கை வாங்கிக்கொண்டாள். ஏன் வாங்கினாள் என்று இன்றுவரை நான் கேட்கவில்லை. வாயைத் திறந்தாள். ஸ்பீக்கரில் காற்று அடித்தது. மைக்கில் கோளாறு என்று நினைத்த சவுண்டு சர்வீஸ்காரர் ஒலியைக் கூட்டினார். மண்டபம் அதிர ஸ்பீக்கர் கிறீச்சிட்டது. பிள்ளைகள் காதைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். அந்த மாணவி பாவம், நிலைமையைச் சமாளிக்க இன்னொரு மைக்கை எடுத்துத் தானே பாட ஆரம்பித்தாள். உடனே மண்டபம் முழுக்கச் சேர்ந்துகொண்டது. "ஏலக்கா மணக்குது எம்மாமன் சட்டையில!" ஆயிரம் தொண்டை. என் மனைவி பொன்னாடையோடு நடுவில் நின்றாள். கொஞ்ச நேரம் அவள் உதடும் அசைந்தது. என்ன வார்த்தையைப் பாடினாள் என்பது எனக்குத் தெரியாது.

திரும்பும் வழியில் சின்னமனூரில் டீ குடிக்க நின்றோம். நண்பன் தலை நிமிரவில்லை. "என்னைய மன்னிச்சிருத்தா" என்றான். அவள் அவன் தோளைத் தட்டிக்கொடுத்தாள். என் காதருகே வந்து சொன்னாள்: "நம்ம பாட்ட யூடியூப்லருந்து எடுத்துருங்க."

"எதுக்குத்தா? ஒன் குரல் அதுல மட்டுந்தேன் இருக்கு" என்றேன்.

"அதுக்குத்தேன் எடுக்கச் சொல்றேன். இனி யாரும் வந்து என்னையப் பாடச் சொல்லக்கூடாது. சொல்லாதீக யாருகிட்டயும், நாந்தேன் பாடுனேன்னு."

நண்பன் மறுநாள் எங்கள் வீடியோவை யூடியூபிலிருந்து எடுத்துவிட்டான். பட்டனை அழுத்தும் முன் என்னிடம் மூன்று நான்கு தரம் கேட்டான். இப்போது தேடினால் ஏரிக்கரைப் பாட்டு முதலில் வரும். அதன் கீழே குத்துப்பாட்டு, டிவிச் சிறுமி, பிரச்சாரம், தூபம். எங்களுடையது கிடையாது.

அந்தப் பதிவின் பிரதி கடையில் ஒரு பென்டிரைவில் இருக்கிறது. நான் அதைப் போட்டுக் கேட்பதில்லை. போன வாரம் பூசைக்கு முன்னால் கீபோர்டைத் திறந்து சும்மா அந்த மெட்டைத் தொட்டுப் பார்த்தேன். விரல்கள் தாமாகவே மெதுவாக, அந்தக் கேரளப் பிள்ளைகளின் வேகத்தில் போயின. நிறுத்திவிட்டு எங்கள் வேகத்தை நினைத்துப் பார்த்தேன். வந்ததெல்லாம் அந்த ஏரிக்கரைப் பெண்ணின் குரல்தான். கோயிலுக்குள் ஆட்கள் வரத் தொடங்கிவிட்டார்கள். நான் வருகைப் பாடலை வாசிக்க ஆரம்பித்தேன்.