ஞானசெல்வியின் இடது கண்

ரெஜிஷாவின் வாழ்க்கை வரலாற்றை இரண்டு பாகமாகப் பிரிக்கலாம்: மாமியாரின் இடது கண் ஒழுகுவதற்கு முன்பு, ஒழுகிய பின்பு. முதல் பாகத்தில் அவள் முட்டத்தில் பிறந்தாள், பி.காம். படித்தாள், டெல்வினைக் கட்டிக்கொண்டு மண்டைக்காட்டுக்குப் பக்கத்துக் கடலோர ஊருக்கு வந்தாள். வேறு விசேஷம் இல்லை.

இரண்டாம் பாகத்தில் மாமியார் ஞானசெல்வி சர்ச் பூசையில் அழுதார், மீன் வாங்கும்போது அழுதார், டிவியில் சிரிப்பு நிகழ்ச்சி பார்த்தும் அழுதார். ஊர் உடனே நோயைக் கண்டுபிடித்துவிட்டது: மருமகள். வீடு வீடாகக் கூடிச் செபிக்கும் அன்பியக் கூட்டத்தில், 'கண்ணீர் சிந்தும் தாய்மாருக்காக' ஒரு மன்றாட்டு சேர்ந்தது. யார் பெயரையும் சொல்லவில்லை. ரெஜிஷாவைப் பார்த்துக்கொண்டே சொன்னார்கள், அவ்வளவுதான். ஞானசெல்வியும் மறுக்கவில்லை. வந்த அனுதாபத்தை முந்தானையால் ஒற்றிக்கொண்டார்.

செய்தி மஸ்கட்டில் வேலை பார்க்கும் மகனுக்கும் போயிற்று. "அம்மைக்க கண்ணீரு நிக்கல்லன்னா ஞாயித்துக்கெழம ஒனக்க வீட்டுக்குப் போயிரு," என்றான் டெல்வின்.

"எனக்க நோவு கண்ணுலயா இருக்கு?" என்று மாமியார் ஆஸ்பத்திரிக்கு வர மறுத்தார். சனிக்கிழமை, வீட்டுக்கே வந்து பார்க்கும் கண் டாக்டர் ஜெஸ்பினை வரவழைத்தாள் ரெஜிஷா. அடுத்த வீட்டு டெல்சி கூப்பிடாமலே வந்து நாற்காலியை இழுத்துப் போட்டாள்.

டாக்டர் மரத்துப்போகச் சொட்டு மருந்து விட்டு, இமையோரத்துச் சின்னத் துளையில் மழுங்கிய ஊசியை வைத்தார்.

"உப்புத் தண்ணி விடப்போறேன். கண்ணீர் எறங்குத கொழாய் தெறந்திருந்தா தொண்டைல கரிக்கும். அடைச்சிருந்தா கரிக்காது. சொல்லணும், கேட்டியளா?"

ரெஜிஷாவின் குடித்தனம் முழுவதும் மாமியாரின் நாக்கு நுனியில் வந்து நின்றது.

"கரிக்குதா?"

ஞானசெல்வி வலது கண்ணால் டெல்சியைப் பார்த்தார். "கரிக்குது."

டெல்சி துள்ளி எழுந்தாள். "அப்பம் கொழாய் தெறந்துதான் கெடக்கு! இது மனசுக் கண்ணீராக்கும், டாக்டரே!"

டாக்டர் ஞானசெல்வியின் கன்னத்தைக் காட்டினார்.

"அம்மா, விட்ட தண்ணி முழுக்க ஒங்க கன்னத்துலல்லா ஓடுது? ஒரு சொட்டும் உள்ள போவல்ல. பொறவு எப்படிக் கரிச்சுது?"

"வாயோரம் வந்துது. நக்கிப் பாத்தேன்."

டாக்டர் மூக்கோரம் அமுக்கினார். சீழ் வந்தது. "அடைப்புதான். ஆப்பரேசன் செய்யணும்."

டெல்சி அசரவில்லை. "அடைப்பு எப்படி வந்துதாம்? மருமவளப் பயந்து எல்லாத்தையும் உள்ளயே அடக்குனா அடைக்காதா?"

இதற்கு மருத்துவத்தில் பதில் இல்லாததால் டாக்டர் பையைக் கட்டினார். "ஆஸ்பத்திரில கூட நிக்க ஒரு ஆளு வேணும்."

ஞானசெல்வி டெல்சியைப் பார்த்தார். டெல்சிக்கு அடுப்பில் மீன் கிடப்பது சட்டென்று ஞாபகம் வந்தது, போய்விட்டாள்.

ஞானசெல்வி வீடியோ காலில் மகனைப் பிடித்தார். "மக்களே, இவ ஒண்ணும் செய்யல்ல. எனக்கு கண்ணுல அடைப்பாக்கும்."

ஈரக் கன்னத்தைப் பார்த்த டெல்வின் குரலைத் தாழ்த்தினான். "அவ பக்கத்துல நிக்காளா? பயப்படாம சொல்லும்மா."



"எனக்கு ஆப்பரேசன்தாம்லே பயம்! இவள அனுப்பிட்டா கூட நிக்க யாரு வருவா? நீ வருவியா?"

மஸ்கட்டில் டெல்வின் லீவு நாளை எண்ணிப் பார்த்தான்.

"செரி," என்றான் டெல்வின். "அவ அங்கயே நிக்கட்டு."