ஏலத்துக்கு முன் வாங்கிய வீடு

சுதந்திரம் வந்து சில வருஷங்கள் இருக்கும். சங்கரன்கோவில் கடைத்தெருவில் நான் தையல் மிஷின் போட்டிருந்தேன். குடியிருந்த வாடகை வீட்டைக் காலி செய்யச் சொல்லிவிட்டார்கள். கரிவலம்வந்தநல்லூரில் என் மனைவிக்கு வந்த பங்கு நிலத்தை விற்ற பணம் கையில் இருந்தது. அந்தச் சமயத்தில்தான் தெற்குத் தெருவில் ஒரு பருத்தி வியாபாரியின் வீடு கோர்ட்டு ஏலத்துக்கு வருகிறதென்று தண்டோரா போட்டார்கள். வியாபாரம் நொடித்து, அடமானக் கடனை அவரால் கட்ட முடியவில்லை.

ஏலத்தில் மலிவாகக் கிடைக்கும் என்று மனைவியையும் கூட்டிக்கொண்டு வீடு பார்க்கப் போனேன். கதவில் கோர்ட்டு நோட்டீஸ் ஒட்டியிருந்தது. உள்ளே வியாபாரியின் மனைவி மகளுக்குத் தலை பின்னிக்கொண்டிருந்தாள். எங்களைக் கண்டதும் சட்டென்று எழுந்து, "வாங்க, உள்ள வந்து பாருங்க" என்றாள். எனக்கு உத்தரத்தைக்கூட நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.

திரும்பி வரும்போது என் மனைவி சொன்னாள்: "ஏலத்துல எடுத்து கோர்ட்டு அமீனாவ விட்டு அவள வெளிய அனுப்பிட்டு, அந்த வீட்டுல நான் அடுப்பு மூட்ட மாட்டேன். அவுகளே நமக்கு வித்தா வாங்குவோம்."

மறுநாள் வியாபாரியிடம் அதைச் சொன்னேன். அவர் கசப்பாகச் சிரித்தார்.

"வீடு போற விலைய விட வட்டியும் முதலும் கூட நிக்கி அண்ணாச்சி. கடன் குடுத்தவரு எப்படிச் சம்மதிப்பாரு?"

"கேட்டுப் பாப்போம், வாரும்."

இருவரும் கடன் கொடுத்தவரின் ஊரான புளியங்குடிக்கு பஸ் ஏறினோம். அவர் முதலில் முகம் கொடுத்துப் பேசவே இல்லை. வியாபாரி குரலை உயர்த்தாமல் பேசினார்: "ஏலத்துல விட்டா அடிமாட்டு விலைக்குத்தான் போவும். மிச்சத்துக்கு எங்கிட்ட ஒண்ணும் கிடையாது. இவரு குடுக்கத வாங்கிக்கிட்டு என்னைய விட்டிரும்."

கடன் கொடுத்தவர் கையிலிருந்த விசிறியைக் கீழே வைத்தார். பிறகு என்னைப் பார்த்து, "ரொக்கமா தருவீரா வே?" என்றார்.

"தாரேன்."

"சரி. ஏலத்தன்னிக்கு வக்கீலோட வந்து கேஸ முடிச்சுக்கிடுதேன்."

ஏலத்தன்று காலை கோர்ட்டு வாசலில் நின்றோம். கடன் கொடுத்தவரைக் காணோம். ஏலம் கேட்க வந்தவர்கள் வேப்பமரத்தடியில் வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தார்கள். மனம் மாறிவிட்டாரோ என்று நான் தெருமுனை வரை போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். வியாபாரி தெருவையே பார்த்துக்கொண்டிருந்தார். ஏலம் கூப்பிடுகிற நேரத்தில் வேர்த்து விறுவிறுத்து வந்து சேர்ந்தார் கடன் கொடுத்தவர். வழியில் பஸ் நின்றுவிட்டதாம். பணத்தைக் கொடுத்தோம். வக்கீல் மனு போட்டார். ஏலம் நின்றது. கடன் முழுவதும் தீர்ந்தது என்று கடன் கொடுத்தவர் எழுதியும் கொடுத்துவிட்டார்.

வெளியே வந்ததும் வியாபாரி மண்ணிலேயே உட்கார்ந்துவிட்டார். "நிம்மதியா மூச்சு விட்டு எத்தன நாளாச்சு! ஒரு காப்பி வாங்கித் தாரும் அண்ணாச்சி" என்றார். எனக்கும் அப்போதுதான் பசி தெரிந்தது. இரண்டு பேரும் காப்பியோடு இட்லியும் சாப்பிட்டோம்.

பத்திரம் முடிந்ததும் வியாபாரி குடும்பத்தோடு ராயகிரியில் இருந்த தன் அண்ணன் வீட்டுக்குப் போனார். அவர் மனைவி சாவியை என் மனைவி கையில் கொடுத்து, மழைக்கு அடுக்களையில் எந்த மூலை ஒழுகும் என்பதையும் காட்டிவிட்டுத்தான் வண்டி ஏறினாள்.

அந்த வருஷம் எங்கள் ஊர்க் கோவிலில் ஆடித்தபசுத் திருவிழா பார்க்க வந்தபோது வியாபாரி குடும்பத்தார் எங்கள் வீட்டில்தான் இறங்கினார்கள். வியாபாரியின் மனைவி யாரையும் கேட்காமல் நேரே அடுக்களைக்குள் போய்ச் செம்பில் தண்ணீர் மொண்டு குடித்தாள். என் மனைவி இலை போட ஆரம்பித்தாள்.