கயிற்றுக்காரரின் கடைசி ஆட்டம்

அந்தச் சட்டைகளை நீலம் என்று சொல்லிவிட முடியாது. ஒரு காலத்தில் நீலமாக இருந்தவை. நான் முதன்முதலில் பார்த்தபோது, மழை விட்டுப்போன லண்டன் வானத்தில் ஒரு துண்டைக் கிழித்து ஏழாக்கியதுபோல, ஹோட்டலின் நிலத்தடிச் சலவைக்கூடத்தில் வெந்நீர்க் குழாயின் மேல் வரிசையாகத் தொங்கிக்கொண்டிருந்தன. ஒவ்வொன்றின் நெஞ்சிலும் வளையமாகச் சுருட்டிய கயிறு ஒன்று தைக்கப்பட்டிருந்தது. வருடத்தில் இரண்டு தடவை, என்னோடு வேலை செய்த மெக்சிக்கோக்காரர் அவற்றைப் பெட்டியிலிருந்து எடுப்பார். ஒருவரும் உடுத்தாத அந்தச் சட்டைகளைத் தோய்த்து, காயவைத்து, இஸ்திரி போட்டு, திரும்ப அடுக்குவார். யாருடையவை என்று கேட்டேன். செத்துப்போன ஒருவருடையவை என்றார். ஒருவருக்கு ஏழு அளவில் சட்டையோ என்று நான் கேட்கவில்லை. அவரிடம் இருந்த ஆங்கிலமும் என்னிடம் இருந்த ஆங்கிலமும் அதற்குமேல் போகாது.

அவரை நாங்கள் மெக்சிக்கோ அண்ணை என்று கூப்பிட்டோம். தொண்ணூறுகளின் முற்பாதி. சலவைக்கூடத்தில் ஆறு பேர் யாழ்ப்பாணத்துப் பெடியள்; அகதி விண்ணப்பத்துக்குப் பதில் வராமல், ஈரத் துணிப்பொதிகளைத் தள்ளுகிற வண்டில்களோடு நாங்களும் அங்கும் இங்குமாக உருண்டுகொண்டிருந்தோம். எங்களைவிடப் பத்துப் பதினைந்து வயது மூத்த எவரும் எங்களுக்கு அண்ணைதான். மெக்சிக்கோவில் பிறந்ததற்காக அதை மாற்ற முடியுமா? தூதரகக் குடும்பம் ஒன்றில் சமையல் வேலை பார்த்த தங்கை அவரைக் கூப்பிட்டிருந்தாள். எங்களிடமிருந்து அவர் சில தமிழ்ச் சொற்களைப் பொறுக்கிக்கொண்டார். அவருடைய மொழியில் எங்களுக்குத் தெரிந்த ஒரே சொல் ‘கோல்’. அது எல்லா மொழியிலும் அதுதான்.

இஸ்திரி மேசையின் ஆவிக்குள் நின்றபடி, நாளுக்கு இரண்டு வாக்கியமாக, அந்தக் கதை வந்தது. கடலே தெரியாத ஒரு சிறு நகரம். கற்றாழை நாரில் கயிறு திரிக்கிற தொழிற்சாலை ஒன்று. அதன் தொழிலாளர்கள் நார் காயப்போடும் வெளியில் பந்தடித்து, ஒரு கழகம் தொடங்கினார்கள். ஊரின் பெயர்தான் கழகத்தின் பெயர். ஆனால் எல்லோரும் கயிற்றுக்காரர் என்றே அழைத்தார்கள். மூன்றாம் பிரிவிலிருந்து இரண்டாம் பிரிவுக்கு ஏறினார்கள். அங்கே பதினெட்டு வருடம், மேலே போகாமலும் கீழே விழாமலும், நடுக்கிளையில் பிடித்துக்கொண்டு நிற்கிறவனைப்போல நின்றார்கள். பஞ்சாக மிதக்கும் நார்த்தூசியில் வெளியூர் அணிகள் இருமிக்கொண்டே தோற்றுப்போனதாக அண்ணை சொல்லிச் சிரிப்பார். அவர் ஒருநாளும் விளையாடியதில்லை. உடுப்புகளுக்குப் பொறுப்பாளர். தோய்ப்பது, தைப்பது, எண்களை ஒட்டுவது. உடுப்பறை வாசலில் நின்று ஒவ்வொருவனின் முதுகிலும் ஒரு தட்டுத் தட்டி வெளியே அனுப்புவது.

பத்தொன்பதாம் வருடம் முதற் பிரிவுக்கு ஏறுகிற இறுதியாட்டத்துக்கு வந்தார்கள். கடைசி நிமிடத்தில் ஒரேயொரு கோலால் தோற்றார்கள். சனம் ஏசியது, போத்தல்கள் பறந்தன. அண்ணை தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு உடுப்புகளை அள்ளிக்கொண்டு போனார். மைதானத்தைத் திரும்பியே பார்க்கவில்லை. அடுத்த திங்கட்கிழமை ஒரு லொறி வந்தது. கழகத்தின் முதலாளி, இரண்டாம் பிரிவில் அதற்கிருந்த இடத்தை வடக்கே ஒரு பெரிய நகரத்துக்கு விற்றிருந்தார். பந்துகள், வலைகள், விளையாட்டு வீரர்கள் எல்லாமே போயின. கொடியில் ஏழு சட்டைகள் ஈரமாகத் தொங்கின. ஈரத்தை ஏற்ற மாட்டேன் என்று லொறிக்காரன் விட்டுவிட்டுப் போனான்.

எங்களுக்கு இது பிடிபடவே இல்லை. தேநீர் இடைவேளையில் ஒரு பெரிய விவாதமே நடந்தது.

“என்னண்டு கழகத்தை விக்கிறது? கழகம் என்ன காணித்துண்டோ?”

“அப்ப ஊருக்கு என்ன நடந்தது?”

“ஊர் அங்கைதான் இருக்காம். சனமும் இருக்காம். கழகம் மட்டும் போட்டுதாம்.”

“எங்களுக்கு மறுவளம்” என்றான் எங்களில் வாயாடி ஒருவன். “எங்களிட்டைக் கழகம் இருக்கு, ஊரைக் காணேல்லை.”

சிரித்தோம். பிறகு கோப்பைகளைக் கழுவ எழுந்தோம். தொண்ணூறுக்குப் பிறகு என் ஊரிலும் பக்கத்து ஊர்களிலும் ஆட்கள் இல்லை. ராணுவத்தின் முட்கம்பி வேலி வளவுகளையும் கோயில்களையும் கிணறுகளையும் உள்ளே வைத்து மூடிவிட்டது. ஆனால் அந்த ஊர்களின் விளையாட்டுக் கழகங்கள் லண்டனில் உயிரோடு இருந்தன. ஒவ்வொரு கோடையிலும், இல்ஃபோர்டுக்கு அப்பால் ஒரு புல்வெளியில், ஊர்ப் பெயரைச் சட்டையில் எழுதிக்கொண்டு மோதினோம். வேலிக்குள் போக ஏலாத ஊர்கள் அங்கே ஒன்றையொன்று உதைத்து விழுத்தின.

அந்தச் சுற்றுப்போட்டியின் துண்டுப்பிரசுரம் சலவைக்கூடத்துச் சுவரில் ஒட்டியிருந்தது. அண்ணைக்குத் தமிழ் எழுத்துத் தெரியாது. இலக்கம் தெரியும். ‘அணிக்கு 7 பேர்’ என்ற இடத்தில் விரலை வைத்துக்கொண்டு நெடுநேரம் நின்றார். பிறகு என்னைக் கூப்பிட்டு, ஒவ்வொரு சொல்லாகத் தேடித் தேடிச் சொன்னார்: அந்த இறுதியாட்டம்தான் கடைசி என்று எங்களுக்கு யாரும் சொல்லவில்லை. தெரிந்திருந்தால் ஏசியிருக்க மாட்டோம். கடைசி என்று தெரிந்து ஒரு ஆட்டம் ஆட வேண்டும். அதன்பிறகு விட்டுவிடலாம்.

விண்ணப்பப் படிவத்தை நான்தான் நிரப்பினேன். ஊர், கழகம், தற்போதைய நிலை. அவர் ஆங்கிலத்தில் சொன்னது, கழகத்தை வேறிடத்துக்கு மாற்றிவிட்டார்கள் என்பதுதான். என் பேனா ‘இடம்பெயர்ந்தது’ என்று எழுதியது. கள்ளமில்லை, அந்த வருடங்களில் ஓரிடம் விட்டு ஓரிடம் போவதற்கு எங்களிடம் வேறு சொல்லே இருக்கவில்லை. கடிதத்தில், தொலைபேசியில், வானொலியில், எல்லாம் அந்த ஒரு சொல்தான். பேனாவுக்குள் மையோடு மையாக அது ஊறிக்கிடந்தது.

போட்டிக் குழு ஆர்ச்வேயில், அங்குள்ள முருகன் கோயிலில் வெள்ளிக்கிழமைப் பூசை முடிந்து வருகிறவர்களுக்கு வசதியாக, தலைவரின் பிளாட்டில் கூடியது. தலைவர் ஊரில் கணக்கு வாத்தியார், லண்டனில் பெற்றோல் நிலையக் காசாளர். அவருடைய ஊரும் வேலிக்குள்தான்.

“வெள்ளைக்காரருக்கெல்லாம் இடம் குடுக்கேலாது” என்றார் ஒரு உறுப்பினர்.

“அவர் எங்களைவிடக் கறுப்பு” என்றேன்.

தலைவர் படிவத்தை எட்டப் பிடித்து வாசித்தார். அந்தச் சொல்லில் அவருடைய கண் நின்றது. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “அங்கையுமோ?” என்றார் மெதுவாக. “சேர்த்துக்கொள்ளுங்கோ.”

அப்போதே விளக்கியிருக்கலாம். விளக்கினால் கழகத்தை வெளியே போடுவார்கள். நான் பேனாவை மூடிச் சட்டைப் பைக்குள் வைத்தேன்.

போட்டியன்று காலையில் ஏழு சட்டைகளும் வெளியே வந்தன. கோல்காப்பாளராக அண்ணை, மற்ற ஆறும் நாங்கள். ஒரு ஆள் ஒரு அணிக்குத்தான் ஆடலாம் என்பது விதி. அந்த வருடம் நான் என் ஊருக்கு ஆடவில்லை. எங்கள் ஊர்க்காரர் ஒருவர் பொரித்த றோல்ஸைக் கடித்தபடி கோட்டுக்கு வெளியே நின்று கத்தினார். “டேய், ஊரை வித்துப்போட்டியோடா?” சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். நான் குனிந்து சப்பாத்து நாடாவை இறுக்கினேன்.

தலைவர் நேரே அண்ணையிடம் வந்து கையைப் பிடித்துக்கொண்டார். தன் ஆங்கிலத்தில் கேட்டார், எத்தனை இழந்தீர்கள் என்று.

“ஒன்று” என்றார் அண்ணை. “ஒன்றே ஒன்று. கடைசி நிமிடத்தில்.”

தலைவரின் முகம் மாறியது. “ஒண்டெண்டாலும்...” என்று தமிழில் தொடங்கி, முடிக்காமல், அவருடைய தோளை அழுத்திவிட்டு ஒலிபெருக்கியிடம் போனார். கழகத்தின் பெயரைச் சொல்லி, மெக்சிக்கோவில் ஊரைப் பறிகொடுத்து இடம்பெயர்ந்து நிற்கும் எம் சகோதரர்களுக்காக ஒரு நிமிட மௌனம் என்று அறிவித்தார். மைதானம் முழுவதும் எழுந்து நின்றது. றோல்ஸ் சட்டிக்குப் பக்கத்தில் நின்ற பெண்கள், மடக்குக் கதிரைகளில் இருந்த கிழவர்கள், என்னைப் பார்த்துக் கத்திய ஊர்க்காரர், எல்லோரும் தலையைக் குனிந்தார்கள். அண்ணைக்கு வார்த்தைகள் விளங்கவில்லை. ஊரின் பெயர் மட்டும் கேட்டது. கையுறைகளைக் கழற்றி, நெஞ்சிலிருந்த கயிற்றின் மேல் கையை வைத்துக்கொண்டு நின்றார். காற்று மட்டும் புல்லில் நடந்துபோனது.

நாலுக்கு ஒன்று என்று தோற்றோம். எங்கள் ஒரு கோலை வாயாடி போட்டான். அண்ணை கோல் கம்பத்தைக் கட்டிப்பிடித்து அழுதார். ஊதல் ஊதியபின் அவர் வெளியே வரவில்லை. முழு மைதானத்தையும் கோட்டோரமாக ஒருமுறை சுற்றி நடந்தார். எதிரணி, மத்தியஸ்தர், கொடிக்காரன், றோல்ஸ் விற்றவர், எல்லோருக்கும் கைகொடுத்தார். ஒரு மூலையில் குனிந்து புல்லைத் தொட்டார். போத்தல் ஒன்றும் பறக்கவில்லை.

திரும்பும் ரயிலில், தலைவர் ஒலிபெருக்கியில் என்ன சொன்னார் என்று அண்ணை கேட்டார். மறைக்க முடியவில்லை. எங்களுடைய ஊர்களைப்போல உங்கள் ஊரும் அழிந்துவிட்டது என்று தலைவர் நினைத்துவிட்டார் என்றேன். என் சொல்தான் பிழை என்றும் சொன்னேன். அவர் சட்டைப் பொதியை மடியில் இழுத்து வைத்துக்கொண்டார். பிறகு சொன்னார்: “அவரிடம் சொல்லாதே. அவர் நின்றது தன் ஊருக்காக.”

அடுத்த கோடையில் தலைவர் புதுப் படிவத்தோடு சலவைக்கூடத்துக்கே வந்தார். “இந்த முறையும் வாங்கோ, வெல்லலாம்.” அண்ணை அதை இரண்டு கைகளாலும் வாங்கிப் பார்த்து, திருப்பிக் கொடுத்தார். “காணும், ஐயா” என்றார். தேநீர் போதும் என்று நாங்கள் கோப்பையை விரலால் மறைக்கும்போது சொல்கிற சொல். அதைச் சொன்ன முகத்தில் துக்கம் இல்லை. வயிறு நிறைந்த ஒருவரின் முகம். அதற்கடுத்த வருடம் தங்கையோடு மெக்சிக்கோ திரும்பினார். கடிதம் எழுதுகிற மொழி எங்கள் இருவருக்கும் பொதுவாக இருக்கவில்லை.

இப்போது வேலியைப் பல இடங்களில் அகற்றிவிட்டார்கள். என் ஊருக்கு ஒருமுறை போய் வந்தேன். எருக்கலைகளுக்கு நடுவில் எங்கள் கிணற்றைத் தேடிக் கண்டுபிடித்தேன். எங்கள் ஊர்க் கழகம் லண்டனில் இன்னும் ஆடுகிறது. ஊரின் பெயரைச் சரியாக உச்சரிக்கத் தெரியாத பிள்ளைகளைக் கெஞ்சிக் கூட்டிவந்து ஏழு பேர் ஆக்குகிறோம். போட்டிக் குழுவின் போன மாதக் கூட்டத்தில், அதன் செயலாளர் என்ற முறையில், கடைசி என்று அறிவித்து ஒரு நல்ல ஆட்டம் வைத்து முடித்துக்கொள்வோம் என்று சொல்லத்தான் எழுந்தேன். எண்பது கடந்த தலைவர் எதிரே இருந்தார். காது கேட்கும் கருவியைத் திருகி, நான் சொல்லப்போவதைக் கேட்கத் தயாராக முன்னால் சாய்ந்தார்.

“வாற வருசத்துக்கும் கிரவுண்டைப் பதிஞ்சு வைப்பம்” என்றேன்.

“ஓம், ஓம்” என்றார் தலைவர். நான் அதைக் கூட்டக் குறிப்பில் எழுதினேன்.