ராணியை மறுத்த மாட்டு டாக்டர்

எழுபதுகளில் பாப்பிரெட்டிப்பட்டியில் பணிபுரிந்த கால்நடை மருத்துவர் கோடையிலும் கழுத்தில் மஃப்ளர் சுற்றியிருப்பார். சதுரங்கத்தின் இறுதிநிலையைப் புதிராக அமைத்த படங்களை, காய்களைத் தொடாமல் கண்மூடி விடுவிப்பது அவரது நித்திய வழக்கம். கணக்கிடும் கூர்மை அதனால் வளரும் என்பார். அப்புதிர்களில் எளிதாகத் தோன்றும் நகர்வு எப்போதும் பிழையாகவே முடியும்; வைத்தியத்திலும் அவர் எளிய வழியை நம்பமாட்டார். சாதாரண வயிற்றுப்போக்குள்ள மாட்டை அவரிடம் ஓட்டிச் செல்ல ஊரார் அஞ்சியது இதனாலேயே.

தருமபுரிப் போட்டியின் இறுதி ஆட்டத்தில் வென்றவர் அடுத்த சுற்றுக்குச் சேலம் செல்லலாம். எதிரே தோல் வியாபாரி பாய். மருத்துவரின் சிப்பாய் கடைசி வரிசையை அடைந்தது. இனி அதை விரும்பிய காயாக மாற்றலாம்; ராணியாக்கினால் வெற்றி உறுதி. பாய் எழுந்து செருப்பைத் தேடலானார்.

மருத்துவரோ நெடுநேரம் கண்மூடியிருந்து, ராணிக்குப் பதிலாகக் குதிரையை வைத்தார்.

"என்னங்க சார், ராணி வேண்டாங்களா?"

"ராணிய யாரு வேணா எடுப்பாங்க பாய். அதுல என்னங்க இருக்குது?"

"அப்ப சரிங்க" என்று பாய் மீண்டும் அமர்ந்தார். தம் சிப்பாயைத் தயங்காமல் ராணியாக்கி, ஆட்டத்தை வென்றார்.

திரும்பும் பேருந்தில் மருத்துவர், துணைக்குச் சென்றிருந்த என் தோளைத் தட்டினார். "பாயோட ராஜா மட்டும் ஒரு கட்டம் தள்ளி நின்னிருந்தா, குதிரைதாங்க ஒரே வழி!"

சேலத்துக்குத் தேர்வான பாயின் முகத்தில்கூட அத்தனை மகிழ்ச்சியை நான் காணவில்லை.