சந்தனம் மூடிய ஸ்க்ரூ

லுணுகலை பஜாரில் இருபது வருடமாக சைக்கிள் திருத்துகிறேன். சிவசக்தியின் அந்தப் பச்சை கியர் சைக்கிளை நினைத்தால் இன்றைக்கும் என்மேலேயே எனக்கு வெறுப்பு வருகிறது.

சிவசக்தி மேல் தேயிலைத் தோட்டத்து லயத்துப் பிள்ளை. மலையிலுள்ள ஒரு சின்ன உப தபால் கந்தோரில் அவளை மூன்று மாதத்துக்குத் தற்காலிகமாக எடுத்திருந்தார்கள். தோட்டத்தின் இரண்டு டிவிசன் கடிதங்களையும் நாள் தவறாமல் கொடுத்தால் வேலை நிரந்தரம். இரண்டு மாதம் அட்டைக்கடியோடு நடந்தே கொடுத்தாள். பஜாருக்கு வந்தால் என் கடை பெஞ்சில் உட்கார்ந்துதான் சோறு தின்பாள்.

மூன்றாம் மாதம் கொழும்பிலிருந்து ஏதோ சங்கம் வந்து மலையில் கடிதம் கொடுப்பவர்களுக்குப் பத்து கியர் சைக்கிள் கொடுத்தது; அதில் ஒன்று சிவசக்திக்கு. மாலை என்ன, மைக் என்ன, போட்டோ என்ன! ஒன்றையாவது மேட்டில் ஓட்டிப் பார்த்தானா ஒருத்தன்? த்தூ! கோயிலில் பூசை வைத்து, ஹேண்டிலிலிருந்து பின்சக்கரம் வரை சந்தனம் அப்பி அனுப்பியிருந்தார்கள்.

"ஜாபிர் நானா, கியர் மாத்துறப்ப கடகடங்குது. கொஞ்சம் பாருங்க," என்று உருட்டிக்கொண்டு வந்தாள்.

பார்த்தேன். செயினைப் பல்லுக்குப் பல் தள்ளுகிற பின் கியர் கை படுமட்டமான சாமான். அது எவ்வளவு தூரம் உள்ளே போகலாம் என்று தடுக்கிற ஸ்க்ரூவை எவனும் முறுக்கவேயில்லை. மேட்டில் பெரிய பல்லுக்கு மாற்றினால் கை நேரே சக்கரக் கம்பிக்குள் போய்விடும். அரைச் சுற்று முறுக்கினால் போதும். ஆனால் ஸ்க்ரூவின் தலையை மூடிக்கொண்டு சந்தனம் இறுகிக் கிடந்தது.

சுரண்டினால்தான் திருப்புளி பிடிக்கும். அது சாமிக்கு வைத்த சந்தனம். நான் தொப்பி போட்டவன். கிரீஸ் கையால் அதைச் சுரண்டினால் பிள்ளை என்ன நினைக்கும், பார்க்கிற சனம் என்ன சொல்லும்? தொடப் பயந்து கேபிளை மட்டும் இழுத்துக் கட்டினேன். சத்தம் நின்றது. கியர் கை முன்னைவிடக் கம்பிக்குக் கிட்டப் போனதும் எனக்குத் தெரியும்.

"இப்ப சத்தமில்ல தங்கச்சி, போயிட்டு வாங்க," என்றேன். சீ, எனக்கெல்லாம் ஒரு வாய்!

மறுநாளே மேட்டில் சக்கரம் பூட்டிக்கொண்டது. கடிதப் பையோடு ரோட்டோரத் தண்ணீர்க் கானுக்குள் விழுந்து தோள்பட்டை எலும்பு முறிந்தது. ஆறு வாரம் கையைத் தூக்கக் கூடாதாம். கடிதம் காத்திருக்குமா? அந்த வாரமே வேறு ஆள் போட்டாகிவிட்டது.

பதுளை ஆஸ்பத்திரிக்குப் போய் நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னேன். திட்டுவாள் என்றுதான் நினைத்தேன்.

"ஒரு வார்த்தை கேட்டிருந்தா நானே நகத்தால சுரண்டிக் குடுத்திருப்பேனே நானா," என்றாள். "சாமியா கோவிச்சுக்கப் போகுது? ஒங்க பெஞ்சில ஒக்காந்து சோறு தின்ன என்னைய நீங்க யாரோன்னுல்ல நெனச்சிருக்கீங்க."

சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.