கட்டிலுக்கடியில் ஒரு தபால் ஆபீஸ்

பகலவன் தன் மனைவி கலைமதிக்கு முப்பத்தாறாயிரம் ரூபாய் கடன்பட்டிருந்த நாட்களிலும், மாரிமுத்து டீக்கடையில் அந்த க்யூஆர் அட்டைக்கு முதுகைக் காட்டிக்கொண்டுதான் டீ குடிப்பான். ஒரகடம் கூட்டுரோட்டில் இளநீர் வெட்டுகிறவர் முதல் செருப்புத் தைக்கிறவர் வரைக்கும் அட்டை தொங்கவிட்டாயிற்று. ஷிஃப்டுக்குப் போகிற கூட்டம் ஃபோனை நீட்டிக் காசு கொடுத்துவிட்டுக் கம்பெனி பஸ்ஸுக்கு ஓடுகிறது. இவன் மட்டும் பேண்ட் பையைத் துழாவிச் சில்லறையை எடுத்து மேசைமேல் வைப்பான்.

"நான் டீ குடிச்சத ஊருக்கெல்லாம் சொல்லணுமா, மாரி?"

"நீ டீ குடிக்கறத எவன்டா கேட்டான்?"

"கேட்டுகினுதான் கீறான். உனக்குத் தெர்ல."

பகலவன் என் வீட்டில் குடித்தனம் இருக்கிறவன். நான் படித்தது ஐந்தாவது. குவாரியில் கல் உடைத்து, டயர் வண்டியில் தண்ணீர் விற்று, இந்தப் பக்கம் கம்பெனிகள் வருமென்று கம்பெனிக்காரனுக்கே தெரியாத காலத்தில் மாத்தூரில் மனை வாங்கிப் போட்டவன். இன்று பதினாறு குடித்தனம் என் பெயரில் இருக்கிறது. எனக்கு மெயிலும் கிடையாது, பாஸ்வேர்டும் கிடையாது. வாடகை பேச வருகிறவன் என் முகத்தைப் பார்த்துப் பேசுவான், அவ்வளவுதான். ஆனாலும் கம்ப்யூட்டரைப் பற்றி எனக்குத் தெரியாத சங்கதி இல்லை. எல்லாம் பகலவன் சொல்லிக் கேட்டது. மாடிப்படி அவன் அறை வாசலை ஒட்டிப் போகிறது. கேட்காமல் தப்பிக்க வழியில்லை.

வயது முப்பத்தைந்து இருக்கும். ஐடிஐயில் ஃபிட்டர் படித்தவன். இப்போது ஒரு கியர் கம்பெனி ஸ்டோரில் வருகிற சரக்கைக் கம்ப்யூட்டரில் ஏற்றுகிற வேலை. கம்பெனிக் கம்ப்யூட்டரைத் தொட்டுவிட்டு வந்தால் கையைச் சோப்புப் போட்டுக் கழுவுவான். சொந்த லேப்டாப் ஒன்று உண்டு. அதன் நெற்றியில், சரியாகக் கேமரா இருக்கிற இடத்தில், கலைமதியின் ஸ்டிக்கர் பொட்டு ஒட்டியிருக்கும். வெள்ளிக்கிழமை அவள் தலைக்குக் குளித்துப் புதுப் பொட்டு வைத்துக்கொண்டால், லேப்டாப்புக்கும் அன்று புதுப் பொட்டு. ஃபோனுக்கு முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று. ஃபோன் உறைக்குள் எட்டாக மடித்த ஐநூறு ரூபாய்த் தாள் ஒன்று எப்போதும் இருக்கும். "எதுக்கும் பேக்கப் வேணும், நைனா" என்பான். எத்தனை கஷ்டத்திலும் அந்தத் தாளை அவன் எடுத்து நான் பார்த்ததில்லை.

அவனுக்கு அபிப்பிராயம் இல்லாத விஷயம் கிடையாது. அப்டேட்டைப் பற்றி ஒரு நாள் சொன்னான்: "நீ தூங்கசொல்லோ ஹவுஸ் ஓனரு பூட்டத் தொறந்து வந்து, அடுப்பத் தூக்கி கக்கூஸாண்ட வெச்சுட்டுப் போனா எப்டி இருக்கும்? அதான் நைனா அப்டேட்டு." எனக்குச் சுருக்கென்றது. கதவைத் தட்டாமல் ஒரு குடித்தனத்துக்குள்ளும் நான் நுழைந்ததில்லை. அதைச் சொன்னேன். "உன்ன சொல்லல நைனா, கம்ப்யூட்டர் கம்பெனிய சொல்றேன்" என்றான். ஆனால் ஹவுஸ் ஓனர் என்றுதானே சொன்னான்?

லேப்டாப்பை ஓட்ட லினக்ஸ் என்று ஒன்றை வைத்திருக்கிறான். அது சொந்த மனை மாதிரியாம். நாமே அஸ்திவாரம் தோண்டி, நாமே சுவர் எழுப்பிக்கொள்ளலாமாம். ஞாயிற்றுக்கிழமை விடிந்ததிலிருந்து அவன் அந்தச் சுவரை எழுப்புவதைப் பார்த்திருக்கிறேன். சாயங்காலம் ஸ்பீக்கரில் சத்தம் வராது. "சத்தம் எதுக்கு நைனா? தேவையில்லாத சர்வீஸு" என்பான். ஏஐயிடம் கேள்வி கேட்கிறவர்களைக் கண்டால் அவனுக்கு இரக்கம். "சொந்தமா தப்புப் பண்ற சந்தோஷமே போச்சு பாரு இவனுங்களுக்கு."

எல்லாவற்றையும்விட அவனுக்கு ஆகாதது ஓசி மெயில். உலகமே வைத்திருக்கிற அந்த இலவச மெயிலுக்கு அவன் வைத்த பெயர் அது. "ஓசில பந்தி போட்றவன் வாசல்ல மொய் நோட்டோட குந்திகினு இருப்பான், நைனா. நீ இன்னா தின்ன, எவ்ளோ தின்ன, யார் பக்கத்துல குந்தின, எல்லாத்தையும் எழுதிக்குவான்." இதைச் சொல்லிவிட்டு, எழுதுகிறவனைப் போலக் காற்றில் விரலை ஆட்டிக் காட்டுவான்.

சொன்னதோடு நிற்கவில்லை. தனக்கென்று ஒரு தபால் ஆபீஸே கட்டினான். கம்பெனி ஏலத்தில் கழித்துப் போட்ட, சர்வர் என்கிற பெரிய கம்ப்யூட்டர் ஒன்றை வாங்கி வந்து கட்டிலுக்கடியில் தள்ளி, அதில் தன் பெயரிலேயே ஒரு மெயில் நிலையம் திறந்தான். அது இராப்பகலாக உறுமிக்கொண்டு கிடக்கும். அதன்மேல் துணி காயப்போடலாம் என்பது ஒன்றுதான் கலைமதி அதில் கண்ட பிரயோஜனம். அதற்குச் செலவான முப்பத்தாறாயிரம் அவளுடையது. சீட்டு எடுத்த ஐம்பதாயிரத்திலிருந்து, "ரெண்டே மாசம் கலை" என்று சொல்லி வாங்கினான். இரண்டு ஆடி வந்துவிட்டது.

கலைமதி ஃபோன் கம்பெனியில் நின்றபடியே வேலை செய்கிறவள். அந்தப் பணத்தை அவள் ஒன்றே ஒன்றுக்காகச் சேர்த்தாள். மாடியில் நாலு குடித்தனத்துக்கு ஒரு குளியலறை. காலை ஷிஃப்ட் என்றால் இருட்டிலேயே வாளியை வரிசையில் வைத்துவிட்டு, தூங்கி வழிந்துகொண்டு படியில் உட்கார்ந்திருப்பாள். கீழ்த்தளத்தில் தனிக் குளியலறையோடு ஒரு போர்ஷன் காலியானதும் அவள்தான் முதலில் வந்தாள். உள்ளே போய்க் குளியலறைத் தாழ்ப்பாளைப் போட்டுப் பார்த்தாள். திறந்து, மறுபடி போட்டுப் பார்த்தாள். "நைனா, இத எனக்கு வெய்யி" என்றாள்.

அட்வான்ஸ் ஐம்பதாயிரம். அவளிடம் இருந்தது பதினாலு. அதே வீட்டுக்கு ஒரு கான்ட்ராக்டர் எட்டுப் பையன்களைப் போட எழுபது தருகிறேன் என்று நின்றான். நான் வாக்கு மாறுகிறவன் இல்லை. ஆடியில் யாரும் வீடு மாற மாட்டார்கள். ஆவணி பிறக்கிறவரைக்கும் பொறுக்கிறேன், அதற்குமேல் முடியாது என்று இரண்டு பேரிடமும் சொல்லிவிட்டேன்.

பணம் வருவதற்கு ஒரு வழி இருந்தது. பகலவன் முன்னால் வேலை பார்த்த, கார் சீட் தைக்கிற கம்பெனி மூடியாயிற்று. கணக்கு முடித்த பணம் ஆளுக்கு ஒரு லட்சத்துச் சொச்சம் வரவேண்டும். மெயில் வரும், அதில் கேட்டதற்குச் சரி என்று அமுக்கினால் பணம் பேங்குக்கு வந்துவிடும் என்று பேச்சு. அவனோடு அங்கே வேலை செய்த சுபாஷ் பக்கத்து அறைதான். ஒரு நாள் சுபாஷ் வீட்டுக்கு ஃபிரிட்ஜ் வந்து இறங்கியது.

"இன்னாடா, லாட்டரியா?" என்றான் பகலவன்.

"செட்டில்மென்ட் வந்துச்சுடா. உனக்கு வர்ல?"

"எனக்கு மெயிலே வர்ல."

"உன் மெயிலு கட்டிலுக்கடில பட்த்துகினு கீது. எழுப்பிக் கேளு."

பகலவன் அன்று முழுக்கக் கம்பெனிகளின் துரோகத்தைப் பற்றிப் பேசினான். அந்தக் கம்பெனிப் படிவத்தில் ஃபோன் நம்பர் கேட்ட இடத்தில் அவன் கோடு போட்டு வைத்திருந்தான் என்பது அப்புறம்தான் தெரிந்தது. நம்பர் கொடுத்தால் விற்றுவிடுவார்களாம். கலைமதி மறுநாள் லீவு போட்டாள். "நைனா, ஸ்ரீபெரும்புதூர் வரைக்கும் உன் வண்டில கூட்டிகினு போறியா?" என்றாள். இரண்டு வண்டி வைத்திருக்கிறேன். புதிய வண்டியையே எடுத்தேன். பகலவனை முன் சீட்டில் ஏற்றிக்கொண்டேன்.

மூடிய கம்பெனியின் கணக்கையெல்லாம் பார்க்கிற ஆபீஸ், பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு லாட்ஜுக்கு மேல் மாடியில் இருந்தது. ஐஸ்வர்யா என்று ஒரு பெண். பகலவன் பெயரைத் தட்டிப் பார்த்துவிட்டு நிமிர்ந்து அவனை ஒரு தரம் பார்த்தாள். பிறகு இன்னொரு தரம்.

"சார், உங்களுக்கு மூணு தடவ மெயில் போட்டிருக்கோம். மூணு தடவையும் நீங்க பதில் போட்டிருக்கீங்க."

"நானா? நான் எதுவும் போடலையே மேடம்."

"படிக்கட்டுமா சார்?" என்று கேட்டு, முகத்தில் ஒரு சுருக்கம் இல்லாமல் படித்தாள். "'இந்த வாசலில் ஏமாளி யாரும் இல்லை. வேறு ஆளைப் பார்க்கவும். இப்படிக்கு, பகலவன் அஞ்சல் நிலையம்.'"

மேலே ஃபேன் கடகடவென்று சுற்றிற்று. பகலவன் தொண்டையைச் செருமினான். "அது நான் எழுதினதில்ல மேடம். சர்வர் தானா அனுப்பிச்சுது."

"சர்வருக்கு யாருய்யா எழுதிக் குட்த்தது?" என்றாள் கலைமதி.

"இல்ல கலை, லிங்க்க அமுக்கு, பணம் வரும்னு எவன் எழுதினாலும் அவன் திருடன்தான். அந்த மாதிரி மெயில் வந்தா உள்ளயே வுடாத, திட்டி அனுப்புன்னு ரூல் போட்டு வெச்சிருந்தேன்."

"நாங்க அதத்தான் சார் எழுதியிருந்தோம்" என்றாள் ஐஸ்வர்யா. "லிங்க்க அமுக்குங்க, பணம் வரும்னு."

"அப்டி எழுதலாமா மேடம்? பாக்கறவன் இன்னா நெனப்பான்?"

"மத்தவங்க எல்லாரும் அமுக்கிட்டாங்க, சார்."

காவலுக்கு நாய் வளர்த்தவர்கள் பலரைப் பார்த்திருக்கிறேன். மணியார்டர் கொண்டுவந்தவரை மூன்று முறை கடித்த நாயை அன்றுதான் பார்த்தேன். ஐஸ்வர்யா இன்னொன்றும் சொன்னாள். பணம் வேண்டாதவர்கள் என்று ஒரு கட்டு இருக்கிறதாம். அது இந்த மாதக் கடைசியில் தலைமை ஆபீஸுக்குத் திரும்பிப் போகிறதாம். போனால் அங்கிருந்து எப்போது வரும் என்று அவளுக்கே தெரியாதாம். கலைமதியின் கை, மடியில் இருந்த பையின் வாரை முறுக்கிக்கொண்டிருந்தது.

"வேற மெயில் ஐடி இருக்கா சார்? சாதாரண மெயில்?"

கலைமதி தன் ஃபோனை எடுத்து, கடையில் ஃபோன் வாங்கிய அன்றைக்குக் கடைக்காரப் பையனே திறந்து கொடுத்த மெயில் முகவரியை எழுத்துக் கூட்டிச் சொன்னாள்.

"கலை, வாணாம். ஓசி மெயிலு அது. எல்லாத்தையும் படிப்பான்."

"படிக்கட்டும்யா. உன்னக் கட்டிகினு நான் பட்றதையும் சேத்துப் படிக்கட்டும்."

அவள் ஃபோனைப் பைக்குள் வைப்பதற்குள் மெயில் வந்துவிட்டது. அமுக்க வேண்டியவன் பகலவன். ஃபோனை வாங்கி, அந்த லிங்க்கை முதலெழுத்திலிருந்து கடைசியெழுத்து வரைக்கும் உதடு அசையப் படித்தான். கேமராவை இடது கட்டைவிரலால் மூடிக்கொண்டான். பாம்பின் வாலைத் தொடுகிறவனைப் போல வலது சுட்டுவிரலால் தொட்டான். "உங்க விருப்பம் பதிவாயிடுச்சு சார்" என்றாள் ஐஸ்வர்யா. அப்போதுதான் அவள் சிரித்தாள். திரும்பி வருகிற வழியெல்லாம் அந்த ஆபீஸின் பாதுகாப்பு எத்தனை மோசம் என்று அவன் எனக்கு விளக்கிக்கொண்டு வந்தான். பின் சீட்டில் கலைமதி தூங்கிவிட்டாள்.

ஆவணி முதல் தேதி. கீழ் போர்ஷனை அவள் கழுவித் தள்ளிக்கொண்டிருந்தாள். நான் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தேன். கான்ட்ராக்டர் ஃபோனில் இரண்டு முறை கேட்டுவிட்டான். பகலவன் பேங்குக்குப் போயிருந்தான். ஏடிஎம்மை அவன் நம்புவதில்லை, கவுன்ட்டரில்தான் வாங்குவான். முப்பத்தாறாயிரம் எடுத்துக்கொண்டு வந்தான். வந்ததும் நாற்காலிக் கையில் இருந்த என் ஃபோனை எடுத்துக் குப்புறக் கவிழ்த்து வைத்தான்.

கலைமதி ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு உள்ளங்கையை நீட்டினாள். அவன் ஒவ்வொரு ஐநூறாக அதில் வைத்தான். ஃபோன் கேட்டுவிடக் கூடாதென்று வாய்க்குள்ளேயே எண்ணினான். அவளும் கண்ணாலேயே எண்ணினாள். கட்டு தீர்ந்தது.

"அவ்ளோதான்" என்றான்.

"ஒண்ணு கொறையுது."

"பேங்க் பக்கத்துக் கடைல ஒரு பென்டிரைவ் வாங்கினேன், கலை. பேக்கப்புக்கு. முக்கியமானது."

அவள் நீட்டிய கையை மடக்கவில்லை. அவன் என்னைப் பார்த்தான். நான் கூரையில் ஃபேன் மாட்டுகிற கொக்கி நேராக இருக்கிறதா என்று பார்த்தேன். பிறகு சட்டைப்பையிலிருந்து தன் ஃபோனை எடுத்து, அதன் உறையை நகத்தால் நெம்பிக் கழற்றி, எட்டாக மடித்திருந்த தாளை வெளியே எடுத்தான். தொடைமேல் வைத்து நீவி நீவி மடிப்பை எடுத்தான். அவள் உள்ளங்கையில், எல்லாத் தாள்களுக்கும் மேலே, அதை வைத்தான்.